முப்பது பாட்டைப் பதினான்காக்குவது: இரட்டை ஆல்பத்தைச் சுருக்க ஒரு வழிகாட்டி

இரட்டை ராக் ஆல்பங்களை (இரண்டு தட்டு, நான்கு பக்கம்) விரும்பிக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் அவற்றை முழுசாகக் கேட்பதில்லை. முதல் பக்கம் முழுக்க ஓடும், இரண்டாவதில் ஒன்றிரண்டு பாட்டைத் தள்ளிவிடுவார்கள், நான்காவது பக்கத்துக்கு வரும்போது விரல் தானாகவே தாவும். அந்தத் தாவலை ஒழுங்காகச் செய்து, முக்கால் மணி நேரத்துக்குள் முடியும் ஒற்றை ஆல்பமாகக் கட்டுவது எப்படி என்று இங்கே எழுதுகிறேன். சும்மா பிடித்த பாட்டுகளை டிக் அடித்தால் போதும் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிடித்த பாட்டுகளின் பட்டியல் கிடைக்கும், ஆல்பம் கிடைக்காது. எல்லாம் உச்சத்திலேயே நிற்கும், எதற்கும் பின்புலம் இருக்காது, ஏழாவது பாட்டில் காது களைத்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு எல்லோரும் அறிந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: பீட்டில்ஸின் ‘தி பீட்டில்ஸ்’, ஊர் முழுக்க ‘வைட் ஆல்பம்’ என்று அழைக்கும் வெள்ளை அட்டைத் தட்டு. வெளிவந்தது 1968 நவம்பர் 22. நான்கு பக்கம், 30 தடங்கள், சுமார் 93 நிமிடம். இதை வெட்டுவது தெய்வக் குத்தமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே இதை நல்ல ஒற்றை ஆல்பமாகப் போட்டிருக்கலாம் என்ற கருத்துள்ளவராக இருந்தார்.

1. வெட்டத் தகுந்த ஆல்பமா என்று பாருங்கள்

எல்லா இரட்டையும் வெட்டுக்கு ஆகாது. பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ (1979) ஒரே கதை; நடுவில் ஒரு செங்கல்லை உருவினாலும் கதை விளங்காது. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ (1972) வேறு வகைச் சிக்கல். 18 பாட்டு, 67 நிமிடம். தனித்தனியாக எடுத்தால் சில பாட்டுகள் சுமார்தான். ஆனால் அந்த நெரிசலும் புழுக்கமும்தான் அந்தத் தட்டின் சுவை. பத்துப் பாட்டாகக் குறைத்தால் நல்ல ஸ்டோன்ஸ் தட்டு ஒன்று கிடைக்கும், எக்ஸைல் காணாமல் போயிருக்கும். விட்டுவிடுங்கள்.

நீளத்துக்குக் காரணம் வெளிப்படையாகத் தெரிகிற ஆல்பம்தான் நல்ல தேர்வு. வைட் ஆல்பத்தில் காரணம், ரிஷிகேஷ் ஆசிரமத்தில் இருந்தபோது எழுதிக் குவித்த பாட்டுகள். ஆளாளுக்கு ஒரு கட்டோடு ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். லெட் ஸெப்பலினின் ‘ஃபிஸிக்கல் கிராஃபிட்டி’ (1975) வேறு வழியில் பெருத்தது: புதிதாகப் பதிந்த எட்டுப் பாட்டு ஒரு தட்டுக்குள் அடங்கவில்லை, பழைய ஆல்பங்களின்போது மிஞ்சிய ஏழைச் சேர்த்து இரண்டாக்கினார்கள்.

முதல் முயற்சிக்கு 75 முதல் 95 நிமிடம் வரை உள்ளதை எடுங்கள். கன்ஸ் என் ரோஸஸின் ‘யூஸ் யுவர் இல்யூஷன்’ இரண்டையும் (1991) முதலிலேயே தொடாதீர்கள். 30 தடங்கள், இரண்டரை மணி நேரம், ‘டோன்ட் க்ரை’ மட்டும் வெவ்வேறு வரிகளோடு இரண்டு முறை. பழகிய கைக்கே அது திணறல்.

2. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

முதல் ஆவணம், ஒவ்வொரு பாட்டின் நிமிடமும் விநாடியும் எழுதிய பட்டியல். பக்க எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: ஒன்றாம் பக்கம் எட்டுப் பாட்டு, இரண்டாம் பக்கம் ஒன்பது, மூன்றில் ஏழு, நான்கில் ஆறு. ஸ்ட்ரீமிங் ஆப்பில் பக்கப் பிரிவு தெரியாது, ஆனால் ஐந்தாவது படியில் அது இல்லாமல் வேலை நடக்காது.

இந்தப் பட்டியலை எக்செலில் போடுகிறவர்கள் கவனியுங்கள். 2:43 என்று அடித்தால் அது இரண்டு மணி நாற்பத்து மூன்று நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். கூட்டல் 24 மணியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டும். 43:18 வர வேண்டிய இடத்தில் 19:18 என்று நிற்கும். நீங்களோ இடம் நிறைய இருக்கிறது என்று இன்னும் எட்டுப் பாட்டைச் சேர்ப்பீர்கள். 0:02:43 என்று அடியுங்கள். தாளில் கூட்டுகிறவர்கள் 2.43, 3.56 என்று புள்ளி வைத்துக் கால்குலேட்டரில் போடாதீர்கள். எல்லாவற்றையும் விநாடியாக்கிக் கூட்டி, கடைசியில் 60ஆல் வகுத்தால் தீர்ந்தது.

இரண்டாவது, எந்தப் பதிப்பு என்ற முடிவு. இதில் சறுக்குகிறவர்கள் அதிகம். தேடல் பெட்டியில் பாட்டின் பெயரை அடித்தால் 2009 ரிமாஸ்டர் (பழைய பதிவைத் துலக்கியது), 2018 மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் மறுபடி கலந்தது), ஈஷர் டெமோ (ஸ்டூடியோவுக்கு முந்தைய மாதிரிப் பதிவு), ‘டேக்’ என்று எண் போட்ட முயற்சிப் பதிவு எல்லாம் கலந்து வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்து அங்கிருந்தே எல்லாப் பாட்டையும் எடுங்கள். 2009இல் ஏழும் 2018இல் ஏழும் கலந்தால் டிரம்ஸ் ஒரு பாட்டில் முன்னால் வரும், அடுத்ததில் பின்னால் போகும். மோனோவையும் ஸ்டீரியோவையும் கலப்பது அதைவிட மோசம். ‘ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்’ மோனோவில் ஏறத்தாழ ஒரு நிமிடம் குறைவு, முடிவில் டிரம்மர் ரிங்கோ போடும் கூச்சலும் கிடையாது. கணக்கும் கெடும், முடிவும் கெடும்.

செலவு பெரிதாக இல்லை. ஏற்கெனவே ஸ்ட்ரீமிங் சந்தா இருந்தால் அதுவே போதும். இலவசக் கணக்கில் நடுவே விளம்பரம் வரும், வரிசையும் உங்கள் கையில் இராமல் போகலாம். இந்த வேலைக்கு அது உதவாது. ஒரு மாதச் சந்தா எடுத்து முடித்துவிடுவது மலிவு. வாங்கிய சிடி இருந்தால், ஒலிக்கோப்புகளை வெட்டி ஒட்டும் ‘ஆடாசிட்டி’ மென்பொருள் இலவசம். செய்து முடித்த பட்டியலை யாருக்கும் அனுப்பலாம். ஒலிக்கோப்பை இணையத்தில் ஏற்றாதீர்கள்.

3. எல்லையை முதலில் போடுங்கள்

பக்கத்துக்கு 22 நிமிடம், ஓரிரு நிமிடம் முன்பின். மொத்தம் 44ஐத் தாண்டக் கூடாது. எல்பி தட்டின் ஒரு பக்கம் நல்ல ஒலியோடு தாங்குவது ஏறத்தாழ அவ்வளவுதான். நம்மிடம் தட்டு அச்சடிக்கும் எந்திரம் இல்லை, ஸ்ட்ரீமிங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், பின் எதற்கு எல்லை என்று கேட்கலாம். விமானத்துக்குப் பெட்டி கட்டுகிற வீட்டில் கேட்டுப் பாருங்கள். எடை வரம்பு இல்லாவிட்டால் எதையும் வெளியே எடுத்துவைக்க மாட்டார்கள். ‘இந்த ஒன்று மட்டும்’ என்று 50 நிமிடத்துக்குப் போனால், அடுத்து 55.

நீளப் பாட்டின் கணக்கை முதலிலேயே முடித்துவிடுங்கள். வைட் ஆல்பத்தில் அது ‘ரெவல்யூஷன் 9’. 8:22. ஒற்றை ஆல்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே தின்னும். அதை வைப்பதென்றால் மூன்று பாட்டுகள் வெளியே போக வேண்டும். வைக்கக் கூடாது என்று சட்டமில்லை. அதை நெஞ்சார விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் வைக்கலாமா வேண்டாமா என்பது முதல் நாளே முடிவாக வேண்டும். கடைசியில் அதற்கு இடம் தேடினால் கட்டியதெல்லாம் குலையும்.

4. ஒரே அமர்வில் கேட்டு மூன்று குறி

93 நிமிடத்தையும் ஒரு மாலையில், எதையும் தள்ளாமல் கேளுங்கள். ‘கட்டாயம்’, ‘பார்க்கலாம்’, ‘போகட்டும்’ என்று மூன்றே குறி. கேட்கும்போதே குறியுங்கள், பிறகு யோசித்து வேண்டாம். ‘கட்டாயம்’ மொத்தமாக 30 நிமிடத்துக்கு மேல் போனால் நீங்கள் கறாராக இல்லை என்று பொருள். மறுநாள் திரும்பச் செய்யுங்கள்.

என் கட்டாயங்கள் எட்டு: ‘பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.’, ‘டியர் ப்ரூடென்ஸ்’, ‘வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’, ‘ஹேப்பினஸ் இஸ் எ வார்ம் கன்’, ‘பிளாக்பர்ட்’, ‘செக்ஸி சேடி’, ‘ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்’, ‘லாங், லாங், லாங்’. கூட்டினால் 27:12. மீதம் 16:48.

‘போகட்டும்’ பட்டியலை அழிக்காதீர்கள். கடைசிப் படியில் வேலை இருக்கிறது.

5. நான்கு மூலைகளை நடுங்கள்

ஒற்றை ஆல்பத்துக்கு நான்கு மூலை: முதல் பக்கத்தின் தொடக்கம், முடிவு, இரண்டாம் பக்கத்தின் தொடக்கம், முடிவு. நடுவை நிரப்புவதற்கு முன் இவை உறுதியாக வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் வெகுநேரம் முட்டிக்கொள்வார்கள். ஒரு குறுக்குவழி இருக்கிறது. மூல ஆல்பத்தில் எட்டு மூலைகள் உண்டு, அவற்றை பீட்டில்ஸின் லெனனும் மெக்கார்ட்னியும், தயாரிப்பாளர் மார்ட்டினும் இரவெல்லாம் உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள். அந்த எட்டிலிருந்தே நான்கைப் பொறுக்குங்கள்.

தொடக்கங்கள்: ‘பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.’, ‘மார்த்தா மை டியர்’, ‘பர்த்டே’, ‘ரெவல்யூஷன் 1’. முடிவுகள்: ‘ஹேப்பினஸ்’, ‘ஜூலியா’, ‘லாங், லாங், லாங்’, ‘குட் நைட்’.

ஜெட் விமான இரைச்சலோடு தொடங்கும் முதல் பாட்டை மாற்ற நினைக்கவே வேண்டாம். முதல் பக்கத்தை முடிக்க ‘ஹேப்பினஸ்’. மூன்று நிமிடத்துக்குள் நாலைந்து தடவை முகம் மாறும் அந்தப் பாட்டுக்குப் பிறகு வேறு எதுவும் உடனே வந்தால் எடுபடாது, தட்டைத் திருப்பும் இடைவெளி அதற்குத் தேவை. இரண்டாம் பக்கத்துக்கு ‘பர்த்டே’. பாட்டாகப் பார்த்தால் அதில் பெரிய சரக்கில்லை, என் ‘கட்டாய’ எட்டில்கூட அது வரவில்லை. ஆனால் கதவைத் தட்டுவதற்கு அதைவிட நல்ல பாட்டு இந்த ஆல்பத்தில் இல்லை. மூலைக்கு ஆள் எடுக்கும்போது பாட்டின் தரம் இரண்டாவதுதான், வேலைக்குப் பொருந்துகிறதா என்பதே முதல் கேள்வி.

கடைசி மூலையில் ‘ஜூலியா’வா ‘குட் நைட்’டா என்று வெகுநேரம் தடுமாறினேன். லெனன் தன்னந்தனியாகக் கிட்டாரோடு பாடிய ‘ஜூலியா’ உயர்ந்த பாட்டு. ஆனால் ‘குட் நைட்’ போனால் ரிங்கோவின் முன்குரல் ஆல்பத்தில் எங்குமே இராது, ஆர்க்கெஸ்ட்ராவின் பெரிய ஒலியும் போய்விடும். ‘குட் நைட்’ வென்றது. ‘ஜூலியா’ வெளியே நிற்பது இன்றுவரை உறுத்துகிறது.

6. ஒட்டிப் பிறந்தவற்றைப் பிரிக்காதீர்கள்

இந்த ஆல்பத்தில் பாட்டுக்குப் பாட்டு வழக்கமான மௌன இடைவெளி கிடையாது. முதல் பாட்டின் விமான இரைச்சல் ‘டியர் ப்ரூடென்ஸ்’ஸின் கிட்டாருக்குள் கரைகிறது. இவற்றைப் பிரித்தால் இரண்டுமே வெட்டுப்பட்டது போலக் கேட்கும். ஆகவே ஜோடியாகவே எடுங்கள், அல்லது ஜோடியாகவே விடுங்கள்.

‘கிரை பேபி கிரை’யில் ஒரு கண்ணி. அதன் 3:02க்குள், பாட்டு முடிந்த பிறகு, மெக்கார்ட்னி பாடும் பெயரில்லாத துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கிறது. மூல ஆல்பத்தில் அது ‘ரெவல்யூஷன் 9’க்குள் இழுத்துப் போகும் பாலம். 9ஐத் தூக்கிவிட்டால் பாலம் அந்தரத்தில் நிற்குமே என்று பயந்தேன். நேரே ‘குட் நைட்’டில் கொண்டு இறக்கினால் அபாரமாகப் பொருந்துகிறது. வேறு பாட்டுக்கு முன்னால் வைக்காதீர்கள்.

ஒலியால் ஒட்டாவிட்டாலும் பிரிக்கக் கூடாத ஜோடிகளும் உண்டு, அவற்றைக் காதுதான் சொல்ல வேண்டும். ‘செக்ஸி சேடி’, ‘ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்’, ‘லாங், லாங், லாங்’ மூன்றும் மூன்றாம் பக்கத்தில் அதே வரிசையில் இருக்கின்றன. அப்படியே தூக்கி வையுங்கள். அந்தக் காட்டுக் கூச்சலுக்குப் பின் கிசுகிசுப்பாக வரும், பீட்டில்ஸின் இன்னொரு பாடகர் ஹாரிசனின் குரலுக்கு ஈடான திருப்பத்தை நீங்களும் நானும் உண்டாக்கிவிட முடியாது. ‘ஐம் சோ டயர்ட்’, ‘பிளாக்பர்ட்’ இரண்டையும் அதே காரணத்துக்காகச் சேர்த்தே வைத்தேன்.

7. நடுவை நிரப்புங்கள்

இப்போது மிச்சமிருப்பது சில ஓட்டைகள்தான். மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டுக்கு மேல் மெதுவான பாட்டு தொடர்ச்சியாக வருகிறதா? ஒரே ஆளின் குரல் மூன்று பாட்டுக்கு மேல் தொடர்கிறதா? எழுதியவர்களின் பங்கு மூல ஆல்பத்தின் விகிதத்தை ஒட்டி இருக்கிறதா? கடைசிக் கேள்வியை விட்டால், உங்களுக்கு லெனன் பிடிக்கும் என்றால் அது லெனன் தனி ஆல்பமாகவே ஆகிவிடும். ஹாரிசனுக்கு மூலத்தில் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு. 14இல் இரண்டு வைத்தால் பங்கு சரி.

எனக்கு வந்தது இது.

முதல் பக்கம்: பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர். (2:43), டியர் ப்ரூடென்ஸ் (3:56), கிளாஸ் ஆனியன் (2:18), வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ் (4:45), ஐம் சோ டயர்ட் (2:03), பிளாக்பர்ட் (2:18), ஹேப்பினஸ் இஸ் எ வார்ம் கன் (2:43). மொத்தம் 20:46.

இரண்டாம் பக்கம்: பர்த்டே (2:42), மதர் நேச்சர்ஸ் சன் (2:48), செக்ஸி சேடி (3:15), ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர் (4:29), லாங், லாங், லாங் (3:03), கிரை பேபி கிரை (3:02), குட் நைட் (3:13). மொத்தம் 22:32.

ஆகக் கூடி 43:18. பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு விநாடி மாறும். 44க்கு இன்னும் 42 விநாடி இருக்கிறது; 52 விநாடி ஓடும் ‘வைல்ட் ஹனி பை’கூட நுழையாது. நல்லதாகப் போயிற்று.

இரண்டாம் பக்கத்தின் கடைசி மூன்றும் அமைதியானவை, என் முதல் விதியையே மீறுகிறேன் என்று தெரியும். ‘கிரை பேபி கிரை’யில் தாளம் நடப்பதால் தாங்குகிறது. உங்களுக்குத் தாங்கவில்லையென்றால் அங்கே ‘சவாய் டிரஃபில்’ (2:54) வைத்துப் பாருங்கள்.

‘ஒப்-லா-டி, ஒப்-லா-டா’ எங்கே என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அது தனியாகக் கேட்க நன்றாக இருக்கிறது, தனியாகவே கேளுங்கள். இன்னொரு சபலம், அதே காலத்தில் பதிந்து சிங்கிளாக வந்த ‘ஹே ஜூட்’டை உள்ளே கொண்டுவருவது. வேண்டாம். வெளியிலிருந்து எடுக்கத் தொடங்கினால் வெட்டும் வேலை ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுக்கும் வேலையாகிவிடும்.

8. ஆப்பில் மாற்ற வேண்டியவை

ஷஃபிள் அணைத்திருக்க வேண்டும். ‘கிராஸ்ஃபேட்’ பூஜ்யத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆப் தானே பாட்டுகளைக் குழைக்கும். ‘கேப்லெஸ்’ (இடைவெளியில்லாத ஓட்டம்) இயங்க வேண்டும். ‘ஆட்டோபிளே’யை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ‘குட் நைட்’ முடிந்த கையோடு சம்பந்தமில்லாத ஒன்று பாயும்.

பலரும் அறியாதது ஒலியளவுச் சமன், ‘நார்மலைசேஷன்’. ஸ்பாட்டிஃபையில் ஆல்பமாக ஓடும்போது பாட்டுகளுக்கு இடையிலான உரத்த–மெல்லிய வேறுபாடு அப்படியே இருக்கும். பிளேலிஸ்ட்டாக ஓடும்போது ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக ஒரே அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். விளைவு, ‘லாங், லாங், லாங்’ ஏறத்தாழ ‘ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்’ அளவுக்கு உரத்துவிடும், ஆறாம் படியில் காப்பாற்றிய திருப்பம் பாழ். அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள்.

9. சிடி, கேசட், கோப்பு

சொந்த சிடியிலிருந்து கோப்பாக்குகிறவர்கள் ஃபிளாக் என்ற தரம் குறையாத கோப்பு வகையில் வையுங்கள். எம்பி3 ஆக்கினால் கோப்பின் முன்னும் பின்னும் சின்ன மௌனம் சேரும், விமான இரைச்சல் கரையும் இடத்தில் சில பிளேயர்களில் ‘டப்’பென்று ஓர் ஓட்டை விழும். எம்பி3தான் வேண்டுமென்றால் அந்த இரண்டு பாட்டையும் ஒரே கோப்பாக்குங்கள். சிடி எழுதும் மென்பொருள் பாட்டுக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி சேர்க்கும்படி அமைந்திருக்கலாம், அதை பூஜ்யமாக்குங்கள். கேசட் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு: சி-90 கேசட்டின் (பக்கத்துக்கு 45 நிமிடம்) ஒரு பக்கத்திலேயே முழு ஆல்பமும் அடங்கும், ஆனால் பக்கத்துக்கு ஏழு பாட்டாகப் பிரித்துப் பதியுங்கள். திருப்பும் சடங்கு வேண்டும்.

10. ஒரு வாரம் விட்டுச் சோதியுங்கள்

முடித்த அன்றே கேட்காதீர்கள், உங்களுக்கு எல்லாமே சரியாகத்தான் தோன்றும். ஒரு வாரம் கழித்து, முதல் பக்கம் முடிந்ததும் இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு, அடுத்த பக்கம். எந்த இடத்தில் கை தானாக ஃபோனுக்குப் போகிறதோ அங்கே அந்தப் பாட்டில் குற்றம் இருக்காது, அதற்கு முந்தைய பாட்டில்தான் இருக்கும். முந்தையதை இடம் மாற்றிப் பாருங்கள்.

இன்னொரு நாள் மிச்சப் பட்டியலைக் கேளுங்கள். 16 பாட்டு, 50 நிமிடம். அதில் ஒரு பாட்டு திரும்பத் திரும்ப உங்களை இழுத்தால், அதே நீளமுள்ள ஒன்றை வெளியே அனுப்பி அதை உள்ளே எடுக்கலாம். ஒன்றுக்கு ஒன்று. சேர்ப்பது மட்டும் கூடாது. இதற்கு மேல் திருத்திக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும், அவர்களின் ஆல்பம் இன்னும் வரவில்லை.

கை பழகியதும் அடுத்ததாக புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘தி ரிவர்’ (1980) எடுங்கள். 20 பாட்டு, 83 நிமிடம். இதில் விடைத்தாளும் உண்டு: 1979இல் அவர் இதைப் பத்துப் பாட்டுள்ள ஒற்றை ஆல்பமாகத் தயாரித்துக் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தப் பத்தும் ‘தி டைஸ் தட் பைண்ட்’ என்ற பெட்டித் தொகுப்பில் 2015இல் வெளிவந்தன. அதில் மூன்று பாட்டு (‘சிண்டி’, ‘பி ட்ரூ’, ‘லூஸ் எண்ட்ஸ்’) இரட்டை ஆல்பத்தில் இல்லாதவை, அவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். மிச்சம் ஏழோடு ஒப்பிடுங்கள். பட்டியலை முன்கூட்டியே தேடிப் பார்க்காமல், உங்கள் பத்தை எழுதித் தேதி போட்டு வைத்துவிட்டுப் பாருங்கள்.